நனைந்த ஷூவும் விறைத்த விரல்களும்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஓடுகிறவர்களுக்கு ஈரம் ஒரு தொல்லை. மார்கழி, தையில் டொரண்டோவிலோ லடாக்கின் லே நகரத்திலோ ஓடுகிறவர்களுக்கு ஈரத்தோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, அங்கே உதவும் பொருளை இங்கேயும் இங்கே உதவும் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோவதால்தான் முக்கால்வாசிச் சிக்கல் வருகிறது. பாதங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மழைக்காலத்திலும் விடாமல் காலையில் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஷூ நனைந்து, விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிடுகின்றன. தண்ணீர் புகாத கோர்டெக்ஸ் ஷூ வாங்கினால் சரியாகுமா? விலை அதிகமாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: சென்னையில் ஓடுவதற்கு அது வேண்டாம். பணம் மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஷூ இங்கே உங்கள் பாதத்தை இன்னும் அதிகமாக ஊறவைக்கும்.

டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி, வெடுக்கென்று இழுத்தால் அது நுண்துளைகள் கொண்ட சவ்வாக விரியும் என்று 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்தார். அந்தச் சவ்வுதான் கோர்டெக்ஸ். மழைத்துளி உள்ளே நுழைய முடியாது. வியர்வை ஆவியாகி வெளியே போய்விடும். ஆனால் ஆவி தானாக வெளியேறிவிடாது. ஷூவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் அது வெளியே போகும். குளிர்நாட்டில் அப்படி இருக்கும். கார்த்திகை மாதத்து விடியற்காலையில், காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும் நம் ஊரில், அந்த வித்தியாசம் மிகக் குறைவு. வியர்வை உள்ளேயே தங்கிவிடும். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மழைக்கு விடுமுறை எடுப்பதில்லை.

அதைவிடப் பெரிய குறை ஷூவின் வாயில் இருக்கிறது. முழங்காலில் விழும் மழை, கெண்டைக்கால் வழியாக ஒழுகி, சாக்ஸைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கும். கணுக்கால் அளவு தேங்கிய நீரில் ஒருமுறை கால் வைத்தால் போதும். வலைத்துணி ஷூ என்றால் அந்த நீர் நான்கு எட்டில் பிதுங்கி வெளியேறிவிடும். சவ்வு வைத்த ஷூவில் அது வீடு வரை கூடவே வரும்.

உங்களுக்கு வேண்டியது சீக்கிரம் தண்ணீரை விட்டுவிடும் ஷூ. அது எது என்று வீட்டிலேயே சோதிக்கலாம். உலர்ந்த ஷூ ஒன்றைச் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு நிமிடம் அமுக்கி எடுத்து, காலில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். மறுபடியும் எடை போடுங்கள். 60, 70 கிராம் கூடியிருந்தால் மழைக்கு அது போதும். 150 கிராமுக்கு மேல் கூடியிருந்தால், நாக்குப் பகுதியிலும் கணுக்காலைச் சுற்றியும் வைத்திருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு விட மறுக்கிறது என்று பொருள். அந்த ஜோடியை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்ஸ் மெல்லியதாக, பாலியெஸ்டரும் நைலானும் கலந்ததாக இருக்கட்டும். பருத்தி சாக்ஸ் மழைக்கு ஆகவே ஆகாது. நனைந்ததும் கனத்து, தளர்ந்து, உள்ளங்காலுக்கு அடியில் சுருண்டு மடிப்பு விழும். கொப்புளம் எழும்புவது அந்த மடிப்பில்தான். கிளம்புமுன் ஒரு பாதத்துக்குச் சுண்டைக்காய் அளவு வாசலின் எடுத்து விரலிடுக்கு, குதிகாலின் பின்பக்கம், உள்ளங்காலின் முன்மேடு ஆகிய இடங்களில் தேயுங்கள். முகப்பவுடர் போடாதீர்கள், நனைந்தால் அது பசையாகி உராயும்.

ஒரு மணி நேரம் நனைந்த காலோடு ஓடுவதால் சென்னை வெப்பநிலையில் கெடுதல் எதுவும் இல்லை. ஓடி முடித்த பிறகு அதே ஈரச் சாக்ஸோடு டீக்கடையில் அரை மணி நேரம் நின்று பேசுவதுதான் கெடுதல். ஒரு பாலித்தீன் பையில் சிறு துண்டும் ரப்பர் செருப்பும் வைத்திருங்கள். நின்றவுடன் கழற்றுங்கள், துடையுங்கள், காற்றுப் படட்டும். வெளுத்துச் சுருங்கிய தோல் சிறிது நேரத்தில் தானாகப் பழைய நிலைக்கு வரும்.

கேள்வி: வீட்டில் இரண்டு பேர் ஓடுகிறார்கள். மழை நாளில் நான்கு ஷூக்கள் வாசலில் ஈரமாகக் கிடக்கின்றன. ஃபேனுக்கு அடியில் வைத்தாலும் மறுநாள் காலை உள்ளே சில்லென்று இருக்கிறது. நாற்றம் வேறு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைக்கலாமா, ஹேர் டிரையர் பிடிக்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: இரண்டும் வேண்டாம். ஷூவின் அடிப்பாகத்தில் இருக்கும் நுரை பெரும்பாலும் இ.வி.ஏ. வகையைச் சேர்ந்தது. தொடர்ந்து சூடு பட்டால் சுருங்கி இறுகும். அதையும் மேல்துணியையும் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். மூன்று நான்கு முறை ஹேர் டிரையர் பிடித்த ஷூவை எடுத்து, முன்நுனியில் கட்டைவிரலால் அடிப்பாகத்தைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். அங்கே நூல் அளவுக்கு இடைவெளி தெரியும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பதும், இடையில் ஒரு நாள் சுள்ளென்று வெயில் அடித்தால் மாடித் தரையில் போட்டுவிடுவதும் இதே கணக்குத்தான்.

நாள் முழுக்க ஃபேன் ஓடியும் ஏன் காய்வதில்லை என்றால், மேலிருந்து சுற்றும் ஃபேனின் காற்று ஷூவின் வாய் வரைதான் வருகிறது. விரல் நுனிப் பகுதிக்குப் போவதே இல்லை. எப்போதும் கடைசியில் காய்வது அந்த மூலைதான். ஆகவே அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

வந்தவுடன் குழாயடியில் சேற்றை மட்டும் கழுவுங்கள், ஊறவைக்காதீர்கள். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை உருவி எடுத்துத் தனியாக நிறுத்தி வையுங்கள். லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிடுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டை உள்ளே விட்டு அழுத்தி ஒற்றி எடுங்கள். பிறகு நாளிதழ். ஒரு தாளை இரண்டாகக் கிழித்து, கசக்கி, முதலில் நுனிக்குள் தள்ளுங்கள். ஷூ உப்பும் அளவுக்குத் திணிக்க வேண்டாம். மேல்துணி இழுபட்டுப் போகும். வெள்ளை நிற உள்துணி என்றால் மை படியாமல் இருக்க முதலில் ஒரு டிஷ்யூவைச் சுற்றிவிடுங்கள்.

பலரும் தவறுவது அடுத்த படியில். காகிதத்தை வைத்துவிட்டு மறுநாள் காலைதான் எடுக்கிறார்கள். முதல் காகிதம் அரை மணி நேரத்தில் குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும். அதற்குப் பிறகு அதுவே ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் மூடி. அரை மணியில் ஒரு தடவை, அதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இன்னொரு தடவை மாற்றுங்கள். மூன்றாவதாக எடுத்த காகிதம் கையில் லேசாகத்தான் ஈரம் தட்டும். அதன்பின் காகிதமே வேண்டாம். ஷூவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாய் டேபிள் ஃபேனைப் பார்க்கும்படி ஒரு அடி தூரத்தில் வைத்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஏ.சி. போடும் அறை இருந்தால் அங்கேயே வையுங்கள், ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுப்பதால், அடைமழையிலும் அந்த அறைதான் வீட்டிலேயே உலர்ந்த இடம்.

காய்ந்ததா என்று வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காய்ந்த டிஷ்யூ ஒன்றை இரு விரலால் நுனி வரை கொண்டுபோய், பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். வெளியே எடுக்கும்போது அது மொறமொறப்பாக இருந்தால் போடலாம். துவண்டிருந்தால் இன்னும் நேரம் வேண்டும். அடைமழை நாளில் எவ்வளவு செய்தாலும் சில ஷூக்கள் 24 மணி நேரத்தில் காயாது. அதனால்தான் மழைக்காலத்துக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், மாற்றி மாற்றிப் போட. இரண்டாவது ஜோடி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

நாற்றத்துக்குக் காரணம் வியர்வை அல்ல, அதைத் தின்று வாழும் பாக்டீரியா. ஈரம் போனால் அதன் பெருக்கம் நிற்கும். நன்றாகக் காய்ந்த ஷூவில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா தூவி, ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் தட்டிக் கொட்டுங்கள். ஈர ஷூவில் தூவினால் களிம்பாகி ஒட்டிக்கொள்ளும். இன்சோலையே முகர்ந்து பார்த்தால் நாற்றம் அடிக்கிறதென்றால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டொரண்டோவில் படிக்கும் என் மகன் பனிக்காலத்திலும் ஓடுகிறான். மைனஸ் 10 டிகிரியில் இரண்டு சாக்ஸ் போட்டும் விரல் மரத்துப்போகிறது என்கிறான். இங்கிருந்து இன்னும் தடிமனான சாக்ஸ் வாங்கி அனுப்பட்டுமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. அந்த இரண்டாவது சாக்ஸே காரணமாக இருக்கலாம்.

சாக்ஸ் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பத்தைக் காக்கிறது. விரலுக்கு வெப்பத்தைக் கொண்டுவருவது ரத்தம் மட்டும்தான். சென்னையில் அளவெடுத்து வாங்கிய ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் பாதம் நெரிபடும். ரத்தம் போவது குறையும். சாக்ஸ் இழைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய காற்றும் நசுங்கிப் போகும். உண்மையில் குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். அவரை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஓடும் சாக்ஸோடு ஷூவை மாட்டி, லேஸ் கட்டி, எழுந்து நின்று, ஆர்மோனியக் கட்டையை அழுத்துவதுபோல் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். அசைக்க முடியவில்லை என்றால் ஷூ சிறியது. வழக்கமாக 8 போடுகிறவர் பனிக்காலத்துக்கு எட்டரை எடுப்பது நல்லது. ஒரே ஒரு மெரினோ கம்பளி சாக்ஸ், நடுத்தரத் தடிமனில் போதும்.

லேஸைக் கட்டும் விதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தின் மேல்வளைவில் விரலுக்குப் போகும் ரத்தக்குழாய் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. விரலை வைத்தால் நாடித் துடிப்பே தெரியும். லேஸ் அந்த இடத்தில் இறுகக் கூடாது. நடு ஓட்டைகளில் குறுக்கே போடாமல், பக்கவாட்டிலேயே நேராக மேலே ஏற்றிவிட்டு, கடைசி இரண்டு ஓட்டைகளில் மட்டும் இறுக்கினால் குதிகாலும் நழுவாது, மேல்வளைவும் அழுந்தாது.

அடுத்தது கணுக்கால். இங்கே போடும் குட்டைச் சாக்ஸையே அங்கேயும் போட்டால், பேன்ட் முடியும் இடத்துக்கும் சாக்ஸுக்கும் இடையில் நான்கு விரற்கடைத் தோல் வெளியே தெரியும். உள்கணுக்காலுக்குப் பின்னால் போகும் ரத்தக்குழாய் அந்த இடத்திலேயே குளிர்ந்துவிடும்; அதன்பின் விரலை எதில் சுற்றினாலும் வந்து சேர்வது குளிர்ந்த ரத்தம்தான். சாக்ஸ் கெண்டைக்கால் பாதிவரை ஏற வேண்டும். தலையும் நெஞ்சும் குளிர்ந்தால் உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். தொப்பியும் கையுறையும் போடாமல் கால் மட்டும் குளிர்கிறது என்பவர்கள் நிறையப் பேர்.

ஷூவின் முன்பக்க வலைத்துணி நமக்குச் சென்னையில் வரம். அங்கே குளிர்காற்று நுழையும் ஜன்னல். நன்றாகக் காய்ந்த ஷூவில், விரல் பகுதிக்கு மேல் மட்டும் துணியால் ஆன சாம்பல் நிற டக்ட் டேப்பை ஒட்டினால் காற்று நின்றுவிடும். பக்கங்களை மூட வேண்டாம், வியர்வை போக வழி வேண்டும். அங்கே வாரத்தில் பாதி நாள் சாலையில் சேறு கலந்த பனிக்குழம்பு இருக்கும் என்றால், முன்பு வேண்டாம் என்று சொன்ன சவ்வு வைத்த ஷூ அங்கே சரியான பொருள். வெளிக்காற்று உலர்ந்திருக்கும், மேலிருந்து மழை கொட்டாது, குழம்பு பக்கவாட்டிலிருந்துதான் தெறிக்கும்.

அந்தக் குழம்பைப் பற்றி அவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சாலையில் உப்பு தூவுவதால் பனி பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உறையாமல் தண்ணீராகவே கிடக்கும். மைனஸ் 5, 6 டிகிரியில் இருக்கும் உப்புநீரில் கால் வைப்பது, ஐஸ் தண்ணீரில் வைப்பதைவிட மோசம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு கால் அதில் நனைந்துவிட்டால் வீட்டை நோக்கித் திரும்பிவிட வேண்டும். மீதித் தூரத்தை நாளைக்கு ஓடலாம்.

இன்னும் சில பழக்கங்கள். ஷூவை வாசலிலோ காரிலோ வைக்காமல் அறைக்குள் வைக்க வேண்டும். காலையிலிருந்து போட்டிருந்த சாக்ஸோடு மாலையில் ஓடக் கூடாது. அதில் ஏற்கெனவே வியர்வை ஏறியிருக்கும். கிளம்பும் நேரத்தில் புதுச் சாக்ஸ் மாற்றி, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு இறங்க வேண்டும். போகும்போது எதிர்காற்றில் ஓடி, திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்புவதுதான் குளிரை எலும்புவரை ஏற்றும்.

கேள்வி: ஊட்டிக்குப் போவதற்காகத் தெருவோரக் கடையில் 'சுத்தக் கம்பளி' என்று சாக்ஸ் வாங்கினேன். பத்து நிமிடத்தில் கால் வேர்த்து ஊறிவிட்டது. கம்பளி ஈரத்தை உறிஞ்சும் என்கிறார்களே?
– வாசகர், புரசைவாக்கம்

பதில்: உறிஞ்சும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அதுவரை தொட்டால் ஈரமாகவே தெரியாது. உங்கள் கையில் இருப்பது கம்பளியா என்பதே சந்தேகம்.

சாக்ஸின் உள்பக்கத் தையலில் துருத்திக்கொண்டிருக்கும் நூலில் ஒரு அங்குலம் வெட்டியெடுங்கள். எவர்சில்வர் தட்டுக்கு மேல், இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் தயங்கித் தயங்கிச் சுருண்டு எரியும், தீக்குச்சியை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும், தலைமுடி பொசுங்கும் வாடை வரும். மிஞ்சிய கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டிக்கொண்டே வேகமாக எரியும். ஆறியதும் கருப்பு மணி மாதிரி இறுகி நிற்கும், நசுக்க முடியாது. தடிமனாக, பஞ்சுபோல், விலை குறைவாக இருக்கும் 'கம்பளி' சாக்ஸ் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. நைலான் கலந்த கம்பளியிலும் சிறு மணி விழும். ஆனால் முடி வாடை தவறாது.

விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெரினோ 60 முதல் 70 சதவீதம், மீதி நைலான், கொஞ்சம் எலாஸ்டேன் என்று இருந்தால் ஓடுவதற்குப் பொருத்தம். நூறு சதவீதக் கம்பளி குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். ஊட்டியில் தை மாதத்தில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி படியும். அதில் ஓடினால் ஐந்து நிமிடத்தில் ஷூ நனைந்துவிடும். தார்ச்சாலையிலேயே ஓடுங்கள், புல்லில்தான் ஓடுவேன் என்றால் வெயில் ஏறிப் புல் காயும்வரை பொறுங்கள்.

சென்னைக்குத் திரும்பியதும் குளிர்ந்த நீரில் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, அந்துருண்டையோடு மூடி வையுங்கள்.

கேள்வி: சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு ஷூ மாட்டினால் மழைக்கும் குளிருக்கும் ஒரே மருந்து என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: மழைக்குத் தவறு, கடுங்குளிருக்குச் சரி. ஆனால் கவரைப் போடும் இடம் வேறு.

மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே உள்ள இடங்களில், முதலில் மெல்லிய பாலியெஸ்டர் சாக்ஸ், அதன்மேல் ரொட்டி சுற்றி வரும் மெல்லிய கவர், அதற்கும் மேல் கம்பளி சாக்ஸ் என்று போடுவார்கள். வியர்வை கம்பளியை எட்டாது, அதனால் கம்பளி கடைசிவரை உலர்ந்து சூட்டைக் காக்கும். உள்ளே கால் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் சூடான ஈரம். கவரின் தையல் விரலுக்கு அடியில் வராமல் மேல்பக்கமாகத் திருப்ப வேண்டும், மடிப்பு விழக் கூடாது. நீண்ட நேரம் இப்படி ஓடினால் தோல் ஊறி உரியத் தொடங்கும். சென்னையில் இதைச் செய்தால் குளிரைத் தடுக்கும் லாபம் எதுவும் இல்லாமல் தோல் ஊறுவது மட்டும் மிஞ்சும்.

கேள்வி: லடாக்கில் உறைந்த பாங்காங் ஏரி மேல் நடக்கும் ஓட்டத்தில் கலந்துகொள்ள ஆசை. இதுவரை ஓடியது எல்லாம் மெரினாவிலும் ஈ.சி.ஆரிலும்தான். காலுக்கு என்ன தயாரிப்பு வேண்டும்?
– வாசகி, தாம்பரம்

பதில்: அந்த ஓட்டம் முதன்முதலில் 2023 பிப்ரவரி 20 அன்று நடந்தது; 21 கிலோமீட்டர், லுகுங்கிலிருந்து மான் கிராமம் வரை. ஏரி இருக்கும் உயரம் 4,200 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனாலேயே விரல்களுக்குப் பனிக்கடி, அதாவது குளிரில் திசு உறைந்துபோவது, வரும் வாய்ப்பு கூடுகிறது. சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் மேலே போகாதீர்கள். தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். சிகரெட் பிடிக்கிறவர்கள் அந்த நாட்களிலாவது தொடக் கூடாது. அது விரலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

டொரண்டோ பிரச்சினையும் இதுவும் வேறு. லடாக் வறண்ட குளிர். வெளியிலிருந்து ஈரம் வராது, வருவது முழுக்க உங்கள் வியர்வை. ஆகவே மெரினோ சாக்ஸ் மூன்று ஜோடி, ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். பனியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு மேல் மாட்டும் இரும்பு முள்பட்டை வேண்டும். அதன் ரப்பர் வளையம் ஷூவின் முன்பகுதியை இறுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முள்பட்டையை மாட்டிய பிறகும் விரல்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பட்டையில் ஒரு அளவு பெரியதாக எடுங்கள். இந்த மொத்த அலங்காரத்தையும் போட்டுக்கொண்டு இங்கேயே சில நாள் 3, 4 கிலோமீட்டர் நடந்து பாருங்கள், முள்பட்டை மட்டும் தவிர. வேர்த்துக் கொட்டும், ஆனாலும் எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும்.

சூடு தரும் ஒட்டுப் பொட்டலங்களை நம்பி இறங்காதீர்கள். அவற்றில் இருக்கும் இரும்புத்தூள் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிப்பதால்தான் சூடு வருகிறது. இறுக்கமான ஷூவுக்குள் காற்றும் குறைவு, அந்த உயரத்தில் ஆக்சிஜனும் குறைவு.

பனிக்கடியின் முதல் அடையாளம் வலி. ஆபத்தான அடையாளம் வலி நின்றுபோவது. வலித்துக்கொண்டிருந்த விரல் சட்டென்று சுகமாகிவிட்டதாகத் தோன்றினால், உடனே நின்று, ஓட்டத்தைக் கைவிட்டு, மருத்துவ உதவி இருக்கும் கூடாரத்துக்குப் போங்கள். தோல் வெளுத்து, மெழுகு போல், தொட்டால் கட்டையாக இருக்கும். தேய்க்கக் கூடாது, உறைந்த திசு உடைந்து சேதமாகும். பனியைத் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது, கொதிநீரில் விடுவது எல்லாம் விரலை இழக்கும் வழிகள். மறுபடியும் உறைந்துபோகும் அபாயம் இல்லாத இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், அரை மணி நேரம் வைக்க வேண்டும். சூட்டை முழங்கையால் பாருங்கள். மரத்த காலால் பார்க்காதீர்கள். நிறம் திரும்பும்போது வலி கடுமையாக இருக்கும். அது நல்ல அடையாளம்தான். கொப்புளம் வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: வயது 58, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மார்கழிக் காலையில் மெல்லோட்டம் போகும்போது பாதம் ஜில்லிட்டுப்போகிறது, ராத்திரி எரிகிறது. வெந்நீரில் கால் வைத்துவிட்டுப் போகலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: வெந்நீர் வேண்டாம், ஹீட்டிங் பேடும் வேண்டாம். சென்னை மார்கழியில் காலை வெப்பநிலை 20 டிகிரிக்கு அருகில் இருக்கும். ஓடத் தொடங்கிய பிறகும் பாதம் ஜில்லென்றே இருந்தால் அதைக் குளிர் என்று விட்டுவிடக் கூடாது. உணர்வு நரம்பு பாதிக்கப்பட்டிருந்தாலும், காலுக்கு ரத்தம் போவது குறைந்திருந்தாலும் அப்படி இருக்கும். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையும், கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை ஒப்பிடும் சோதனையும் செய்துகொள்ளுங்கள். இரண்டாவதில் விகிதம் 0.9-க்குக் கீழே வந்தால் ரத்த ஓட்டம் குறைவு என்று பொருள். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது.

அதுவரை ஓட வேண்டாம், நடங்கள். மேல்விளிம்பு இறுக்காத வெளிர்நிறச் சாக்ஸ் போடுங்கள். ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும். ஷூவைப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். திரும்பி வந்ததும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வெடிப்புக்கு எண்ணெயோ க்ரீமோ தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது.

கேள்வி: ஒவ்வொரு மழைக்காலத்திலும் நான்காவது, ஐந்தாவது விரலுக்கு நடுவில் சேற்றுப்புண். மெடிக்கல் ஷாப்பில் தரும் க்ரீம் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அந்த க்ரீமின் குழாயைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எதுவும் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பை அடக்கும்; பூஞ்சையை வளர்த்துவிடும். அதை நிறுத்துங்கள். டெர்பினஃபின் 1 சதவீதம் மட்டும் உள்ள க்ரீம் என்றால் ஒன்றிரண்டு வாரம், குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றால் தினம் இரண்டு வேளை நான்கு வாரம் என்பது வழக்கமான அளவு. புண்ணைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் தள்ளியும் தடவ வேண்டும். அரிப்பு நின்ற அன்றே மருந்தையும் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. சீழ், வீக்கம், காய்ச்சல் இருந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

விரலிடுக்கைத் துடைக்கத் தனியாக ஒரு சிறு துணி வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வேறு இடத்தைத் துடைக்காதீர்கள். உடை மாற்றும்போது முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை. வரிசை மாறினால் காலில் இருக்கும் பூஞ்சை உள்ளாடையில் ஒட்டிக்கொண்டு தொடை இடுக்குக்கு ஏறும்.

கேள்வி: தெருவில் மழைநீர் தேங்கியிருக்கும்போது அதிலேயே ஓடுவது தவறா? சுற்றிப் போனால் 2 கிலோமீட்டர் கூடுகிறது.
– வாசகி, கொளத்தூர்

பதில்: சுற்றியே போங்கள். மூடி இல்லாத பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. மின்வாரியப் பெட்டி பக்கத்தில் நிற்கும் நீரில் மின்சாரம் பாயலாம். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலில் இருக்கும் சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். நனைந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும், கண் சிவப்பும், கெண்டைக்கால் வலியும் வந்தால் அதைக் கவனிக்க வேண்டும். ஓடுகிறவர்கள் ஏமாந்துபோவது அந்தக் கெண்டைக்கால் வலியில்தான். தூரம் கூடிவிட்டது போலிருக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது, "தேங்கிய தண்ணீரில் கால் வைத்தேன்" என்று அவர் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.